பக்கி கரத்தை முதல் சைப்பிரஸ் பக்கி வரை: மேட்டுப் பாதையின் கதை

 

இரண்டு வாரங்களுக்கு முன் எமது பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். இப்போது அவர் சைப்பிரஸ் தீவில் தொழில் செய்கிறார். கூரையோ கதவோ இல்லாத, இரும்புக் குழாய்க் கூடு போன்ற ஒரு வண்டி. பெரிய பெரிய டயர்கள். செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மலைப் பாதையில் ஏறுகிறது. ஓட்டுபவர்கள் விடுமுறைக்கு வந்த வெள்ளைக்காரர்கள். பணம் கட்டி, ஒரு மணித்தியாலமோ அரை நாளோ வண்டியை எடுத்துத் தாமே ஓட்டுகிறார்கள். மாலையில் அந்த வண்டிகளைக் கழுவித் துடைத்து, டயருக்குக் காற்றுப் பார்த்து வைப்பது எமது மாணவரின் வேலை. "சேர், இது நம்மட ஊருக்கு வந்தா எப்படி இருக்கும்?" என்று கடைசியில் கேட்டிருந்தார்.

தரம் 9 வகுப்பில் அதைக் காட்டினோம். ஒரு பையன் எழும்பி, "எங்கட தோட்டத்து ரோட்டுக்கு இதுதான் சேர் சரி" என்றான். வகுப்பே சிரித்தது. தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் இந்த வண்டியின் கதையையும், அது ஓடும் பாதையின் கதையையும் பார்ப்போம். அந்தக் கதையில் ருவான்வெல்லைக்கும் எமது முன்னோருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

பெயரில் இருந்தே தொடங்குவோம். அந்த வண்டியின் பெயர் பக்கி. எமது மூத்தவர்களுக்கு இது புதிய சொல் அல்ல. பக்கி கரத்தை என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும். ஒற்றை மாடோ குதிரையோ இழுக்கும் சின்னச் சவாரி வண்டி அது. ஆங்கிலேயர் கொண்டு வந்த சொல் எங்கள் கரத்தையோடு ஒட்டிக்கொண்டது. மாடு போய் இயந்திரம் வந்த பிறகும் பெயர் அப்படியே நிற்கிறது.

கரத்தைக்கும் முன்னால் இங்கே இருந்தது தவளம். கண்டி இராச்சியத்தின் காலத்தில் மலைநாட்டுக்குள் சக்கரம் ஓடக்கூடிய வீதி கிடையாது. அந்நியப் படைகள் இலகுவாக ஏறிவரக் கூடாது என்பதற்காக, பாதைகளைக் காடும் முள்ளுமாக விட்டு வைப்பது மன்னர்களுக்கு ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. ஆனால் மலையில் உப்பு விளையாது. உப்பும் கருவாடும் கரையோரத்திலிருந்து மேலே போக வேண்டும். பாக்கும் மிளகும் மேலேயிருந்து கீழே வர வேண்டும். இதைச் செய்தவை பொதி மாடுகள். முதுகின் இருபக்கமும் மூட்டை கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றையடிப் பாதையில் நடத்திச் செல்வார்கள். அந்த வரிசைக்குத்தான் தவளம் என்று பெயர்.

தவளம் ஓட்டியவர்களில் பெரும் பங்கு முஸ்லிம்கள். கண்டி அரசின் நிர்வாகத்தில் போக்குவரத்துக்கென்றே மடிகே என்ற ஒரு பிரிவு இருந்தது. அதில் எமது முன்னோர் இராச காரியமாகவே மாடு ஓட்டினார்கள். கலாநிதி லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்களின் ஆயிரம் ஆண்டு வரலாறு பற்றிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கேகாலை மாவட்டத்து முஸ்லிம் ஊர்கள் பலவும் ஏன் மலையடிவாரங்களிலும் ஆற்றுத் துறைகளை அண்டியும் இருக்கின்றன என்று யோசிப்பவர்களுக்கு இது ஒரு நல்ல தொடக்கம்.

இதில் ருவான்வெல்லை எங்கே வருகிறது? களனி கங்கையில் கொழும்பிலிருந்து பாரு எனப்படும் தட்டையடிப் படகுகள் ஏறிவரக்கூடிய தூரம் ஏறக்குறைய இதுவரைதான். இதற்கு மேல் ஆறு பாறையும் சுழியுமாகிவிடும். இன்று கித்துள்கலையில் உல்லாசப் பயணிகள் இறப்பர் படகில் குதித்து விளையாடுவது அந்தப் பாறைகளின் மேல்தான். ஆகவே படகிலிருந்து இறங்கிய மூட்டை மாட்டின் முதுகுக்கு மாறும் இடமாக இந்தப் பக்கம் இருந்தது. எல்லைப் புறமும் இதுவே என்பதால் ஆங்கிலேயர் இங்கே ஒரு கோட்டையைக் கட்டினார்கள். அதன் வளைவு வாயிலை நாம் எல்லோரும் தினமும் கடந்து போகிறோம். அந்த வாயிலின் முன்னால் எத்தனை ஆயிரம் மாடுகள் மணி ஆட்டிக்கொண்டு நடந்திருக்கும் என்று எத்தனை பேர் நினைத்திருப்போம்?

கண்டி 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பு–கண்டி வீதியை அமைப்பித்தார். கடுகண்ணாவைக் கணவாயில் மலையைக் குடைந்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருக்கான கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. தவளத்தின் காலம் மெல்ல முடிந்து கரத்தையின் காலம் வந்தது.

இனி ஒரு வெள்ளைக்காரரைப் பார்ப்போம். பெயர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலங்களைத் தேடிப்போய், 1864இல் ஆபிரிக்காவின் அல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர். அதற்கு முன் அவர் எங்கள் மலைநாட்டில் எட்டு வருடங்கள் இருந்தார். 1848இல் நுவரெலியாவில் ஒரு ஆங்கிலேயக் குடியேற்றத்தை உண்டாக்கப் புறப்பட்டார். இங்கிலாந்திலிருந்து ஆட்கள், பசுக்கள், கலப்பைகள், நாய்கள், கூடவே ஒரு புத்தம் புதிய குதிரை வண்டி. அந்த வண்டியை ஓட்டிவரப் பொறுப்பேற்றவர் பெர்க்ஸ் என்ற குதிரைக்காரர். இறம்பொடைக் கணவாயில் வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் விழுந்தன. பெர்க்ஸ் தப்பினார். நொறுங்கிய வண்டியை மீட்க ஒரு யானை அனுப்பப்பட்டது. அந்த யானையையும் பெர்க்ஸ் மலையேற்றத்தில் விரட்டு விரட்டென்று விரட்டியதில் அது செத்துப்போனது.

ஆசிரியர் கலாசாலையில் படித்த நாட்களில் நூலகத்தில் இந்தக் கதையை வாசித்து நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். பேக்கர் அதைச் சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார். இப்போது நினைத்தால் அவ்வளவு சிரிப்பு வரவில்லை. பாதையை அறியாத ஒருவர் கையில் வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மலையில் எழுதி வைக்கப்பட்ட மிகப் பழைய பாடங்களில் அது ஒன்று. அந்தப் பாடத்துக்கான கட்டணத்தை ஒரு யானை கட்டியது.

அதே பேக்கர் 1879 ஜனவரியில் சைப்பிரஸில் போய் இறங்கினார். 1878இல்தான் உஸ்மானியரிடமிருந்து தீவின் நிர்வாகம் பிரித்தானியர் கைக்கு வந்திருந்தது. இம்முறை அவர் லண்டனிலிருந்து கொண்டு போனது, ஜிப்சிகள் பாவிக்கும் வகையிலான வீட்டு வண்டி. அதிலேயே படுக்கை, அதிலேயே சாமான். தீவைத் தானே சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. வண்டிப் பாதை என்று சொல்லத்தக்கது அங்கே மிகக் குறைவாக இருந்தது. ஒட்டகமும் கோவேறு கழுதையும்தான் அந்த மலைகளுக்குப் பழகியவை. கோடையை அவர் துரூடோஸ் மலையில் ஒரு பழைய மடாலயத்தின் அருகே கழித்து, அந்த வருடமே பயணத்தைப் புத்தகமாக வெளியிட்டார். மத்தியதரைக் கடல் தீவொன்றில் சொந்த வண்டியோடு கரடுமுரடான பாதையைத் தேடிப் போன அந்த மனிதர், வண்டியைப் பள்ளத்தில் பறிகொடுத்த பாடத்தை எங்கள் இறம்பொடையில் படித்தவர். வரலாறு இப்படித்தான் எதிர்பாராத இடங்களை முடிச்சுப் போடுகிறது.

சைப்பிரஸ் என்றதும் எம்மில் பலருக்கு வேறொரு பெயரும் நினைவுக்கு வரும். உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரழி). அனஸ் (ரழி) அவர்களின் தாயின் சகோதரி. அரசர்கள் சிம்மாசனத்தில் அமர்வது போல் கடலின் மேல் செல்லும் ஒரு கூட்டத்தைக் கனவில் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அந்தக் கூட்டத்தில் தாமும் இருக்க துஆச் செய்யும்படி கேட்ட பெண்மணி. முஆவியா (ரழி) அவர்களின் தலைமையில் ஹிஜ்ரி 28, அதாவது கி.பி. 649 அளவில் சென்ற கடற்படையில் அவரும் சென்றார். கரையேறிய பின் வாகன மிருகத்திலிருந்து விழுந்து அங்கேயே மரணித்தார். லார்னாகா நகருக்கு வெளியே, உப்பு ஏரியின் கரையில், அவரது பெயரால் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் இருக்கின்றன. பேக்கர் இறங்கிய அதே லார்னாகாதான்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். பாதையில்லாத இடத்தில் ஓடும் மோட்டார் வண்டியைப் பெருமளவில் உண்டாக்கியது போர்தான். 1940இல் அமெரிக்க இராணுவம் இலேசான, நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு வண்டியைக் கேட்டது. ஜீப் பிறந்தது. போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்கள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் மிஞ்சியவை பல நாடுகளிலும் பொதுமக்கள் கைக்கு வந்தன. அப்படியொரு பழைய ஜீப்பைத் தன் பண்ணையில் பாவித்து வந்த மோரிஸ் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர், அதைப் போல் ஒன்றை நாமே செய்தால் என்ன என்று யோசித்ததன் விளைவுதான் லாண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியத்தில் செய்தார்கள். அதனால்தான் எங்கள் மழையிலும் அந்த வண்டிகளின் உடல் இலேசில் துருப்பிடிக்கவில்லை.

எமது பகுதியின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் லாண்ட் ரோவரைக் காணாத மூத்தவர்கள் இருக்க மாட்டார்கள். அதற்கு முன் தோட்டச் சரக்கு இறங்கியது ரயிலில். 2 அடி 6 அங்குல அகலமுள்ள களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1902இல் அவிசாவளைக்கும் அடுத்த வருடம் யட்டியாந்தோட்டைக்கும் வந்தது. யட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றப்பட்டது. தண்டவாளம் போன பிறகு லொறியும் ஜீப்பும்தான் தோட்டத்தின் கால்கள். துரைமார் அவற்றில் ஏறிப் போனார்கள். பால் வெட்டும் மக்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அதே பாதையில் நடந்தார்கள். ஒரே பாதைதான். ஒருவருக்கு அது சவாரி, மற்றவருக்கு அது கால்வலி.

இந்த வண்டி விளையாட்டுப் பொருளானது அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில். படகு கட்டும் தொழில் தெரிந்த புரூஸ் மெயர்ஸ் என்பவர் 1964இல் வொக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை வைத்து, மேலே கண்ணாடியிழை உடலைப் பொருத்தி ஒரு பக்கி செய்தார். 1967இல் மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பாதையை 34 மணித்தியாலம் 45 நிமிடத்தில் அதில் ஓடி முடித்து, அதுவரை மோட்டார் சைக்கிள் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். அதன் பிறகு பக்கி மோகம் உலகமெங்கும் பரவியது. ஹொண்டா நிறுவனம் 1970இல் பெரிய டயர் பூட்டிய மூன்று சக்கர வண்டி ஒன்றை விற்பனைக்கு விட்டது. சரிவில் அது புரண்டு எத்தனையோ பேர், அதிலும் பிள்ளைகள், இறந்தார்கள். 1988இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வகையின் விற்பனையை நிறுத்த நிறுவனங்கள் உடன்பட்டன. நான்கு சக்கரம் வந்தது. பின் 2007இல் போலாரிஸ் நிறுவனம் இருவர் அருகருகே அமர்ந்து ஓட்டும் விளையாட்டு வகையைக் கொண்டு வந்தது. எமது மாணவர் கழுவும் வண்டிகள் இந்த வழியில் வந்தவை. அந்த இரும்புக் கூடு அழகுக்கு அல்ல, புரண்டால் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருக்க. ஆனால் ஆசனப்பட்டி போடாவிட்டால் அந்தக் கூடே எமன்.

சைப்பிரஸில் வழிகாட்டி ஒருவர் முன்னால் போவார், மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். பார்க்கப் போனால் அதுவும் ஒரு தவளம்தான். அங்கேயும் மோல்டாவிலும் எங்களைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், பிரித்தானியர் விட்டுச் சென்ற பழக்கம். அக்காமாஸ் முனையில் லாரா என்ற கடற்கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றன. 1978 முதல் அங்கே ஆமைப் பாதுகாப்புத் திட்டம் நடக்கிறது. அந்த மணலில் வண்டி இறக்கத் தடை. டயர் ஏறினால் முட்டை நசுங்கும், மண் இறுகினால் குஞ்சு வெளியே வராது. பாதையை விட்டு இறங்குவது ஒருவருக்குக் கொஞ்ச நேரச் சந்தோசம். மண்ணுக்குள் இருப்பதற்கு அது வாழ்வா சாவா.

இப்போது அந்த மாணவியிடம் வருவோம்.

மழை நாட்களில் அவள் பிந்தித்தான் வருவாள். இடாப்பில் குறித்தோம். ஒருநாள் வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று ஆசிரியர்கள் அவளது வீட்டைப் பார்க்கப் போனோம். ஓட்டோ பாதி தூரம் ஏறியது. ஒரு வளைவில் சில்லு சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. இறங்கித் தள்ளினோம். சப்பாத்தெல்லாம் சேறு. பிறகு ஓட்டோவை விட்டுவிட்டு நடந்தோம். முக்கால் மணித்தியாலம். லயனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவளது அம்மா பிளேன்டி ஊற்றித் தந்துவிட்டு, "பிள்ள பிந்தி வந்தா மன்னிச்சுக்குங்க சேர்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

தோட்டத்து ரோட்டுக்கு பக்கிதான் சரி என்று வகுப்பு சிரித்தபோது அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது இப்போது உங்களுக்கும் விளங்கும். அவளுக்கு அது வேடிக்கை அல்ல, காய்ச்சல் வந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பாதை.

அவளது தாத்தா அந்தத் தோட்டத்தில் பல வருடங்கள் ஜீப் ஓட்டியவர். திண்ணையில் இருந்தபடி அவர் எமக்கு ஒரு பாடம் எடுத்தார். "அந்தக் காலத்துல மழைக்கு முன்னாடி கான் எல்லாம் வெட்டிப் போடுவாங்க சார். தண்ணி கான்ல ஓடினா ரோடு நிக்கும். தண்ணி ரோட்டுல ஓடினா ரோடே ஓடிரும்." நாம் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இது சொல்லப்படவில்லை. திரும்பி வரும்போது பார்த்தோம். அவர் சொன்னது அப்படியே உண்மை. பாதையின் ஓரக் கான்கள் இலையாலும் மண்ணாலும் நிரம்பிக் கிடந்தன. மழைநீர் பாதையின் நடுவால் வாய்க்கால் வெட்டியிருந்தது. மலைச் சரிவில் தண்ணீர் போகும் வழியைக் கவனிக்காமல் விடுவது எவ்வளவு பெரிய விடயம் என்பதை 2016 மே 17இல் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவுகளைக் கண்ட எமது மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே எமது மாணவரின் கேள்விக்கு நாம் இப்படிப் பதில் அனுப்பினோம். பக்கி இங்கே வருவது தவறல்ல. உல்லாசப் பயணிகள் ஓட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டி நாட்டைச் சுற்றுவது இப்போதே நடக்கிறது. அதனால் எங்கள் இளைஞர்களுக்குத் தொழிலும் கிடைக்கலாம். ஆனால் ஒருவர் காசு கொடுத்துக் கெட்ட பாதையைத் தேடி வரும் மலையில், இன்னொருவர் அதே கெட்ட பாதையால் பரீட்சைக்குப் பிந்துகிறார் என்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது எது?

உறவுகளே, மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறோம்.

ஒன்று. தென்மேல் பருவ மழைக்கு முன், ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் பாதையின் கான்களைச் சிரமதானமாக வெட்ட எண்ணியுள்ளோம். தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் முறைப்படி அனுமதி கேட்போம். மண்வெட்டியோடு வாருங்கள். தவளம் ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பாதையைப் பராமரிப்பது எமக்குப் புதிய வேலை அல்ல.

இரண்டு. தவளம், கரத்தை, யட்டியாந்தோட்டை ரயில், தோட்டத்து ஜீப் ஆகியவை பற்றி உங்கள் வீட்டு மூத்தவர்கள் சொல்லும் கதைகளை எமது மாணவர்கள் எழுதி எடுக்கப் போகிறார்கள். பழைய படமோ, மாட்டு மணியோ, கரத்தைச் சில்லோ இருந்தால் காட்டுங்கள். அந்த ஜீப் சாரதித் தாத்தாவிடமிருந்தே தொடங்குகிறோம்.

மூன்று. வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ இப்படியான வண்டியில் ஏறும் தம்பிமாரே, தலைக்கவசமும் ஆசனப்பட்டியும் போடுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொடாதீர்கள். ஊரில் உம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எமது மாணவர் நேற்று இன்னொரு படம் அனுப்பியிருந்தார். அவருக்கு விடுமுறை நாள். லார்னாகா உப்பு ஏரியின் கரையில் தனியாக நிற்கிறார். பின்னால் ஈச்ச மரங்களுக்கிடையே அந்தப் பள்ளிவாசல். கீழே ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "சேர், கான் வெட்ட என்ட பங்குக்கு ரெண்டு மண்வெட்டி வாங்குங்க, காசு அனுப்புறன்."

அல்லாஹ் அவரது தொழிலில் பரகத் செய்வானாக. அந்த மாணவியின் பெயருக்கு நேரே இடாப்பில் இனிப் "பிந்தியது" என்று நாம் எழுதுவதில்லை.

வஸ்ஸலாம்.